சிவோகம் பாவனை: இறைவனோடு கலப்பதா, தானே இறைவன் ஆவதா?

கடைசிவரிசை

மேலைநாட்டு மறைஞானக் குழுக்கள் ஆன்மிக வழிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. தன்னை இழந்து இறைவனோடு கலப்பது வலக்கை வழி. 'நான்' கரையாமல் தனித்து நின்று, தன்னையே தெய்வமாக வளர்த்துக்கொள்வது இடக்கை வழி. 1975இல் சாத்தான் சபையிலிருந்து பிரிந்து உருவான செத் கோயில் என்ற அமைப்பு இரண்டாவதையே வெளிப்படையான கொள்கையாக வைத்திருக்கிறது.

இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு சைவ சித்தாந்தத்தைப் பார்த்தால் குழப்பம் வருகிறது. உயிர் ஒருநாளும் சிவம் ஆகாது, அடிமைதான் என்கிறார்கள். ஆனால் ஒருவர் தனக்காகச் செய்யும் ஆத்மார்த்த பூசையில் 'சிவமாகிச் சிவனைப் பூசி' என்பதுதான் விதி. மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்தை 'அவனே தானே ஆகிய அந்நெறி' என்று தொடங்குகிறார்.

சிவோகம் பாவனை, அதாவது 'சிவன் நான்' என்று எண்ணும் தியானம், தன்னைத் தெய்வமாக்கிக் கொள்வதுதானா? இல்லையென்றால் பூசையின் எந்தப் படியில் வேறுபாடு இருக்கிறது? பாவனை தடம் மாறிவிட்டால் அதை எப்படிக் கண்டுகொள்வது? பொதுவாக 'அகங்காரம் கூடாது' என்று சொல்லாமல், நூலும் முறையும் காட்டி விளக்கினால் உதவியாக இருக்கும்.

தாடலை

சிவஞானபோதத்தின் வழிநூலான சிவஞான சித்தியாரில், சுபக்கம் என்ற பகுதியின் ஒன்பதாம் சூத்திரத்தில் 'கண்டஇவை அல்லேன்நான்' என்று தொடங்கும் பாட்டைப் பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த ஒரு பாட்டிலேயே இருக்கிறது. பலரும் அதன் நடுவிலிருந்து 'சோகம்' என்ற சொல்லை மட்டும் உருவி எடுத்துக்கொள்கிறார்கள். (துக்கம் அல்ல, 'அவன் நான்' என்ற வடசொல். இதை விளக்காமல் விட்டால் கேட்பவர் முகம் வாடிவிடுகிறது.)

அந்தப் பாட்டில் வரிசை முக்கியம். முதலில் 'கண்ட இவை நான் அல்லேன்' என்று உடல், புலன், மனம் உள்ளிட்ட 36 தத்துவங்களிலிருந்தும் விலகுதல். அடுத்தது, 'காணாக் கழிபரமும் நானல்லேன்'. கவனியுங்கள், பரம்பொருளும் நான் அல்லேன் என்று இங்கேயே சொல்லியாகிவிட்டது. மூன்றாவது, கசிந்த தொண்டு. அதன் பிறகுதான், உள்ளத்தில் அவன் கலந்து நிற்கும் கலப்பைப் பற்றிக்கொண்டு 'சோகம்' என்று பாவிப்பது.

இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்தால் நீங்கள் கேட்கும் இடக்கை வழி வந்துவிடும். தத்துவங்களை விட்டு நீங்கிய உயிருக்குத் தன் அறிவு எல்லையில்லாமல் விரிந்ததுபோலத் தெரியும். அதுவரை கண்ணும் மனமும் போட்ட வேலி இப்போது இல்லை அல்லவா? அந்த விரிவையே பரம் என்று எண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட இடமுண்டு. அந்த இடத்தில் குறுக்கே போட்ட தாழ்ப்பாள்தான் 'கழிபரமும் நானல்லேன்'.

பாட்டு தரும் உவமை கருட தியானம். பாம்பு கடித்தவனுக்கு விடம் தீர்க்கும் மாந்திரிகன் தன்னைக் கருடனாகப் பாவித்துப் பார்க்கிறான், விடம் இறங்குகிறது என்பது நம்பிக்கை. அவன் பாவிப்பது வானத்தில் பறக்கும் பறவையை அல்ல, மந்திர வடிவான கருடனை. விடம் இறங்கியதால் அவன் கருடன் என்று ஆகிவிடாது. அவனுக்கு இறக்கை முளைப்பதுமில்லை. மந்திரத்தில் அழுந்திய அவன் அறிவு, அந்த நேரம் மந்திரத்தின் ஆற்றலுக்கு வாய்க்காலாக நின்றது, அவ்வளவுதான். சிவோகம் பாவனையின் பயனும் 'விண்டகலும் மலங்களெல்லாம்' என்றுதான் பாட்டில் வருகிறது (மலம் என்பது உயிரை மறைக்கும் அழுக்கு). விடம் நீக்கும் மருந்தாக அதை வைத்தார்களே ஒழிய, பட்டமாக அல்ல.

பத்ததி

தாடலை சொன்னது ஞானப் பகுதி. பூசை முறையையும் படிப்படியாகப் பார்த்துவிடுவோம். கேள்வி அதைப் பற்றியும் அல்லவா?

குருவிடம் விசேட தீட்சை (சமய தீட்சைக்கு அடுத்த நிலை) பெற்றவருக்குத்தான் ஆத்மார்த்த பூசை. அதில் ஐந்து சுத்திகள்: ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி. 'சிவமாதல்' நடப்பது முதலாவதில்.

தொடக்கத்தில், இதயத்தில் இருக்கும் உயிரைச் சுழுமுனை என்ற நடு நாடி வழியாக மேலே ஏற்றித் துவாதசாந்தத்தில், அதாவது தலைக்கு மேல் 12 விரற்கடை உயரத்தில், சிவன் திருவடியில் சேர்க்க வேண்டும். அதன் பிறகுதான் உடலில் கை வைப்பது, அதாவது ஐம்பூதங்களை ஒடுக்கும் பூதசுத்தி. மண் நாற்கோணம், பொன்னிறம். நீர் பாதிமதி, வெண்மை. தீ முக்கோணம், சிவப்பு. காற்று அறுகோணம், கருமை. வான் வட்டம், புகைநிறம் என்று உண்மை விளக்கம் சொல்லும் வடிவங்களிலேயே ஒவ்வொன்றையும் பாவித்து ஒடுக்குவார்கள். மூச்சடக்கிச் செய்யும் எண்ணிக்கை மண்ணுக்கு 5, நீருக்கு 4, தீக்கு 3, காற்றுக்கு 2, வானுக்கு 1. இது கண்டபடி வைத்த கணக்கு இல்லை. மண்ணுக்கு நாற்றம், சுவை, ஒளி, ஊறு, ஓசை என ஐந்து குணம். மேலே போகப் போக ஒவ்வொன்றாகக் குறைந்து வானுக்கு ஓசை மட்டும் மிஞ்சும்.

பிறகு வலக்கால் பெருவிரலிலிருந்து தீ எழுந்து உடலை எரித்ததாகவும், துவாதசாந்தத்திலிருந்து அமுதம் பொழிந்து சாம்பலை நனைத்ததாகவும் பாவனை. அதன்மேல்தான் உயிரை மீண்டும் இதயத்துக்கு இறக்குவது. அடுத்து சகளீகரணம், அதாவது சிவனின் ஐந்து முக மந்திரங்களை உடலில் பதிக்கும் நியாசம். ஈசானம் தலையில், தற்புருடம் முகத்தில், அகோரம் இதயத்தில், வாமதேவம் மறைவிடத்தில், சத்தியோசாதம் பாதத்தில். ஆக, பூசை செய்ய எழுந்து நிற்பது மந்திரங்களால் ஆன உடல். பழைய உடல் மேல் சிவன் என்று பெயர்ப்பலகை மாட்டுவதில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. நேரமில்லை என்று உயிரை ஏற்றாமலே நேரே எரிப்புக்குப் போய்விடுவது ஒன்று. உயிரை எங்கும் ஒப்படைக்காமல் 'நான் எரிக்கிறேன், நான் புதிதாகிறேன்' என்று செய்தால், எந்த 'நான்' அடங்க வேண்டுமோ அதுவே வினைமுதலாகிவிடுகிறது. மற்றொன்று, பூதசுத்தியை விட்டுவிட்டு நியாசம் மட்டும் செய்வது. அழுக்குத் துணி மேல் சாயம் ஏற்றுவது போல.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். 'சைவத்தில் யாரும் தனிச் சிவமாவதில்லை' என்று தாடலை முடித்துவிடுவாரோ என்று பார்க்கிறேன். ஆகம சித்தாந்தத்தின் பழைய ஆசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. சத்தியோசோதி, 10ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து இராமகண்டர், 12ஆம் நூற்றாண்டு அகோரசிவர் ஆகியோர் வழியில் முத்தியடைந்த உயிர் சிவனுக்குச் சமமான, ஆனால் சிவனிலிருந்து வேறான ஒரு முத்தசிவம். எல்லாம் அறிதல், எல்லாம் ஆற்றல் இரண்டும் உண்டு. கரைதல் கிடையாது. நம் ஊர்க் கோயில் கிரியையில் பெரும்பங்கு அகோரசிவர் எழுதிய பத்ததிப்படிதான் (பூசை முறைநூல்) நடக்கிறது என்பதையும் நினைவில் வைக்கவும்.

கடைசிவரிசை

பத்ததி ஐயா, அப்படியானால் அது அசல் இடக்கை வழி ஆகிவிடாதா? தனித்தன்மை நிற்கிறது, தெய்வத் தன்மையும் வருகிறது. ஒரே நேரத்தில் பல சிவங்கள் இருந்தால் உலகை நடத்துவது யார்?

பத்ததி

உலகை நடத்துவது அநாதியாகவே முத்தனாக இருக்கும் சிவன் ஒருவன்தான். முத்தசிவங்களுக்கு ஆற்றல் உண்டு, ஐந்தொழில் செய்யும் தேவை இல்லை. ஏற்கெனவே ஒருவன் குறையின்றி நடத்தும்போது இன்னொருவர் கை வைக்க என்ன இருக்கிறது?

இடக்கை வழியோடு ஒப்பிட்டால், தனித்தன்மை நிற்கிறது என்ற அளவில் ஒற்றுமை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு, அந்தத் தெய்வத் தன்மை எப்படி வந்தது என்பதில். சத்தியோசோதி இதற்கென்றே 'பரமோக்ஷ நிராச காரிகை' எழுதி மற்றவர் முத்திக் கொள்கைகளை மறுத்தார். சிவகுணம் உயிரில் புதிதாக உண்டாகிறது என்றால், உண்டானது அழியும். சிவனிடமிருந்து உயிருக்குத் தாவுகிறது என்றால், குணம் தன் பொருளை விட்டுப் பெயராது. சிவன் உயிரை ஆவேசிக்கிறான் என்றால், ஆட்டுவிக்கப்படுபவனுக்கு விடுதலை ஏது? எஞ்சுவது, உயிரில் முன்பே இருந்து மலத்தால் மூடிக்கிடந்தது வெளிப்படுகிறது என்ற அபிவியக்தி. அதுதான் சித்தாந்தம்.

மலம் என்பது வெறும் அறியாமை அல்ல, கண்ணில் விழுந்த படலம் போல ஒரு திரவியம். படலம் இருக்கிறது என்று அறிந்துகொள்வதால் அது போகாது. கண் மருத்துவர் எடுக்க வேண்டும். அதனால்தான் தீட்சை என்ற கிரியை. தன் கண் படலத்தைத் தானே அறுத்தெடுக்க முடியாது என்பதால், தன்னைத் தானே தெய்வமாக்குதல் இங்கே இயலவே இயலாத காரியம். தெய்வமாதல் உண்டு, தானே ஆக்கிக்கொள்ளுதல் இல்லை.

தாடலை

படல உவமையில் பத்ததியோடு எனக்குச் சண்டை இல்லை. சமம் என்பதில்தான் இருக்கிறது. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் 1313இல் செய்த சங்கற்ப நிராகரணம் என்ற நூலில் மறுக்கப்படும் ஒன்பது கொள்கைகளில் சிவசமவாதமும் ஒன்று. குளவி கொட்டிக் கொட்டிப் புழு குளவியாவது போல உயிர் சிவனுக்கு நிகராகிவிடும் என்பவர்களுக்கு அங்கே பதில் இருக்கிறது. சித்தியார் இன்னும் சுருக்கமாகவே முடிக்கிறது. சிவனும் சித்து (அறிவுப்பொருள்), சீவனும் சித்து. ஆனால் சிவன் அருட்சித்து, இவன் அருளைச் சேரும் சித்து. சேருவதும் சேர்த்துக்கொள்வதும் எப்படிச் சமமாகும்?

அதற்காக மெய்கண்டார் வழி 'கரைந்து காணாமல் போவது' என்றும் எண்ணிவிடக் கூடாது. உங்கள் வலக்கை, இடக்கைப் பிரிவினை தடுமாறுவதே இங்கேதான். திருவருட்பயன் 74ஆம் குறள் 'தாடலைபோல் கூடி' என்கிறது. தாள், தலை இரண்டும் புணர்ந்தால் தாடலை என்று ஒரே சொல். ளகரமும் தகரமும் இருந்த இடத்தில் டகரம் ஒன்றுதான் ஒலிக்கிறது. ஆனால் பொருள் கேட்டால் இரண்டு. அவன் தாளில் இவன் தலை. இரண்டும் ஒன்றாகவே போய்விட்டால் இன்பத்தை நுகர்வது யார்? இரண்டாகவே நின்றால் கலப்பு எங்கே? சிவப்பிரகாசம் பாயிரத்தில் பொன்னும் நகையும் போல அல்ல, இருளும் வெளியும் போல அல்ல, சொல்லும் பொருளும் போலவும் அல்ல என்று மூன்றையும் தள்ளிவிட்டு, உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், அறிவும் ஒளியும் என்று மூன்றை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இனி 'அவனே தானே ஆகிய அந்நெறி'. இதை இரண்டாம் சூத்திரத்தின் 'அவையே தானேயாய்' என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டுண்ட காலத்தில் இறைவன் உயிரோடு ஒன்றாய், தான் இருப்பதே தெரியாமல் நின்றான். வீட்டில் உயிர் அப்படியே அவனோடு ஒன்றாய், தன் முனைப்புத் தெரியாமல் நிற்கிறது. அடுத்த அடியே 'ஏகனாகி இறைபணி நிற்க'. ஏகனான பிறகும் பணி இருக்கிறது! தன்னைத் தெய்வமாக்கிக் கொண்டவனுக்கு யார் பணி மிச்சமிருக்கும்?

திருவாசகத்திலும் அச்சோப்பதிகத்தில் 'சிவமாக்கி எனை ஆண்ட' என்றுதான் வருகிறது. 'சிவமாகி' இல்லை, 'சிவமாக்கி'. ஒரு ககர ஒற்றுதான் வித்தியாசம், செய்தவன் மாறிவிடுகிறான். சிவமாக்கியதோடு விடவில்லை, ஆண்டும் கொண்டான்.

மேற்குவாசல்

சொற்களைப் பற்றி ஒரு திருத்தம். 'இடக்கை வழி' என்பது வாமாசாரம் என்ற தாந்திரிக வழிபாட்டு முறைப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பாக 19ஆம் நூற்றாண்டில், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் காலத்து எழுத்துகள் வழியே மேற்கில் பரவியது. பொருள் பாதி வழியில் மாறிவிட்டது. இங்கே வாமம் (இடம்), தட்சிணம் (வலம்) என்பது பெரும்பாலும் பூசைத் திரவியத்தைப் பற்றிய பேச்சு. மது, மாமிசம் முதலிய ஐந்தை நேராகவே பயன்படுத்துவதா, பதிலிப் பொருள் வைப்பதா, மனத்தால் செய்வதா என்பது. போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது அல்ல. வாமாசாரக் கௌலனும் (அந்த முறையில் பூசிக்கும் தாந்திரிகன்) தன் தனித்தன்மையைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பூசையைச் செய்யவில்லை.

'நான் சிவன்' என்று ஒளிவுமறைவின்றிச் சொல்வது காஷ்மீரத்துப் பிரத்தியபிஞ்ஞை நெறி (தன்னைச் சிவனாக மீண்டும் அறிந்துகொள்ளும் நெறி). 10ஆம் நூற்றாண்டு உற்பலதேவர், அவருக்குப் பின் அபிநவகுப்தர். ஆனால் அங்கே 'நான்' என்பது இன்ன ஊரில் இன்னார் மகனாகப் பிறந்த ஆள் அல்ல. பல உயிர்கள் உண்டு என்பதையே அவர்கள் இறுதியில் ஏற்பதில்லை. ஆகவே வாசகம் மிகத் துணிச்சலானது, தனித்தன்மையோ சுழி. மாறாக, ஆசாரமான அகோரசிவர் வழியில் வாசகம் அடக்கமானது, தனித்தன்மை முழுதாக நிற்கிறது. மேற்கத்திய அட்டவணையைக் கொண்டுவந்து வைத்தால் கோயில் சிவாசாரியார் இடப்பக்கமும், கௌலர் வலப்பக்கமும் விழுவார்கள். அட்டவணையைத் தூக்கிப்போட இது ஒன்றே போதும்.

சிற்றாமூர்

இறைவன் என்ற பேச்சே இல்லாமல், ஒவ்வோர் உயிரும் தன் முயற்சியால் தனித்தனியே பரமாத்மா ஆவதைச் சமணம் சொல்கிறது. தலைப்போடு மிக நெருங்கிய நெறி அதுதான், யாரும் அதைத் தொடவில்லையே.

அருள் தருபவர் கிடையாது, கலக்க ஒரு பரம்பொருளும் கிடையாது. உயிரை மறைக்கும் எட்டு வினைகளில் ஞானாவரணீயம், தரிசனாவரணீயம், மோகனீயம் (மயக்கும் வினை), அந்தராயம் என்ற நான்கு காதி வினைகள் (உயிரின் இயல்பைக் கெடுப்பவை) அழிந்தால் முழுதுணர்வு. மற்ற நான்கும் தீர்ந்தால் சித்த நிலை. சித்தர்கள் எண்ணற்றவர், ஒருவருள் ஒருவர் கரைவதில்லை.

ஆனால் 'தன்னை வளர்த்தல்' என்று இதைச் சொல்லவே முடியாது. உயிர் உயரும் 14 குணத்தானப் படிகளில் ஒன்பதாவதில் சினம், செருக்கு, மாயம் மூன்றும் அற்றுப்போக வேண்டும். பத்தாவதில் மிக நுண்ணிய பற்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பதினொன்றாவது படிதான் ஆபத்து. மோகனீயத்தை அழிக்காமல் அமுக்கிக்கொண்டே ஏறியவர் அங்கே போய்ச் சேருவார். எல்லாம் அடங்கியதுபோல இருக்கும். ஆனால் ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், அமுங்கியது மேலெழும்பிக் கீழே தள்ளிவிடும். கலங்கல் நீர் தெளிந்தாலும் வண்டல் அடியில்தானே கிடக்கிறது? வினையை அழித்துக்கொண்டே ஏறுபவர் பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குப் போவார். அவருக்கு வீழ்ச்சி இல்லை. செருக்கை மூலதனமாக வைத்துத் தெய்வமாக நினைப்பவர் இந்தக் கணக்கில் ஒன்பதாம் படியையே கடக்க மாட்டார்.

தாடலை

நல்ல சேர்க்கை. அருள் வேண்டாம் என்ற இடத்தில் சித்தாந்தம் உடன்படாது, அது வேறு வழக்கு. ஆனால் அந்தப் பதினொன்றாம் படிக்கு எங்கள் பக்கமும் இணை உண்டு. பாசி படர்ந்த குட்டத்தில் கல்லெறிந்தால் பாசி விலகும். கல் அடங்கியதும் மறுபடி மூடும். அரனடியை உணரும்போது மலம் விலகும், பின் அணுகும் என்று சித்தியார் எட்டாம் சூத்திரத்தில் வருகிறது.

கடைசிவரிசை

மிக்க நன்றி. மூன்றாவது கேள்வி மட்டும் மிச்சம். பாவனை தடம் மாறியதைக் கண்டுகொள்வது எப்படி? மாறினால் என்ன செய்வது?

பத்ததி

பூசையின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். செபத்தையும் பூசைப் பயனையும் சிவன் வலக்கையில் ஒப்படைக்கும்போது சொல்லும் சுலோகம், கொடுப்பவன் சிவன், நுகர்பவன் சிவன், எங்கும் பூசிப்பவனும் சிவன், அந்தச் சிவனே நான் என்று முடிகிறது. 'சோகம்' என்ற சொல் பத்ததியில் வருகிற இடம் பயனைக் கைவிடும் இடம். ஒப்படைப்பைச் சுருக்கிவிட்டு, சிவோகம் மட்டும் தனியே செபித்துக்கொண்டிருந்தால் தடம் மாறியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் தீட்சையில் எது விதித்ததோ அதற்குத் திரும்புவதுதான் பரிகாரம். மூச்சு எண்ணிக்கைகளைப் புத்தகம் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டாம். தீட்சை தந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தாடலை

ஞானப் பக்கத்தில் மூன்று இடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

சிவஞானபோதம் ஒன்பதாம் சூத்திரத்து வெண்பா, அஞ்செழுத்தால் இதயத்தில் அர்ச்சனை, குண்டலியில் ஓமம், புருவநடுவில் தியானம் என்று அகப்பூசையைச் சொல்லிவிட்டு 'சேடனாம் அங்கு' என்று முடிகிறது. சேடன் என்றால் அடிமை. தியானத்தின் உச்சியில் எழுவது அடிமை என்ற உணர்வா, ஆண்டான் என்ற உணர்வா? இது முதல் சோதனை.

இரண்டாவது, அஞ்செழுத்தில் உங்கள் இடம். சிவாயநம என்பதில் சி சிவம், வா அருள், ய உயிர், ந திரோதம் (மறைப்பாற்றல்), ம மலம். ய நடுவில் இருக்கிறது. மலத்தின் பக்கம் முகம் திருப்பியிருந்தது வகரத்தின் பக்கம் திரும்புவதுதான் சாதனை. யகரம் எந்த நிலையிலும் சிகரம், அதாவது சி என்ற எழுத்து, ஆவதில்லை. முத்தி பஞ்சாக்கரமான சிவாயசிவ என்பதிலும் நகர மகரங்கள்தான் போயின, யகரம் அங்கேயே இருக்கிறது. அருளாகிய வகரத்தைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் சிகரத்தில் உட்கார நினைத்தால், அந்த முனைப்பே மகரத்தின் வேலை. அங்கே மறுபடி அஞ்செழுத்து. ஞானம் விளங்கிய பிறகும் வேம்பு தின்ற புழு வேம்பையே நாடுவதுபோல உயிர் பழகியதையே நோக்குவதால்தான் அஞ்செழுத்து விதித்தது என்று மெய்கண்டாரே காரணமும் சொல்லியிருக்கிறார். ஆகவே நழுவியதற்காகப் பதற வேண்டாம்.

மூன்றாவது பன்னிரண்டாம் சூத்திரம். சீவன்முத்தருக்கும் (உடலோடு இருக்கும்போதே முத்தி பெற்றவர்) அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுவது விதி. 'எனக்கு இனிக் கோயில் எதற்கு, அடியாரை நான் ஏன் வணங்க வேண்டும்' என்று தோன்றத் தொடங்கினால் பாவனை எங்கே நழுவியது என்று பின்னோக்கித் தேட வேண்டும். பெரும்பாலும் 'கழிபரமும் நானல்லேன்' என்ற இடத்தில்தான் அகப்படும். அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.